மலிவு பேஸ் கிட்டாரில் எதை மாற்றுவது?

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சுண்டினால் அது விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அடுத்த தந்தி 55 முறை, அதற்கடுத்தது 73, மெல்லியது 98. பதினைந்தாயிரம் ரூபாய்க் கருவியிலும் இதே எண்கள்தாம். இரண்டு லட்சம் ரூபாய்க் கருவியிலும் இதே எண்கள்தாம். ஆனாலும் ஒன்று திரண்டு ஒலிக்கிறது, மற்றொன்று கரகரக்கிறது. கற்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனதுமே காது இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். அப்புறம் கை பணப்பையைத் தேடும். பிக்கப்பை மாற்றலாமா? பிரிட்ஜை மாற்றலாமா? இல்லை, வந்த விலைக்கு விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?

யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "பிக்கப் மாத்திடு" என்பதுதான். இந்த அத்தியாயத்தில் நான் அதை மறுத்துப் பேசப்போகிறேன். தொழிற்சாலை ஒரு பேஸின் விலையைக் குறைக்கும்போது எங்கே கை வைக்கிறது என்று பார்த்தால், நாம் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அது பெரும்பாலும் காந்தத்திலோ மரத்திலோ இல்லை. கடைசி ஒரு மணி நேரக் கைவேலையில் இருக்கிறது.

எந்திரம் சரியாகச் செய்வது

1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் மேற்கத்திய இசைக்குழுக்களின் அடிச்சுரத்தைத் தாங்கியது ஆள் உயர டபுள் பேஸ். அதில் ஃப்ரெட் கிடையாது. விரல் எங்கே விழவேண்டும் என்பதை வாசிப்பவரின் காதுதான் தீர்மானிக்கும். ஃபெண்டர் கிட்டாரைப் போலவே நெக்கில் ஃப்ரெட் அடித்தார். தந்தியின் நீளத்தை 34 அங்குலமாக, அதாவது 864 மில்லிமீட்டராக வைத்தார். இன்று கடையில் தொங்கும் பெரும்பாலான பேஸ்களில் அதே 34 அங்குலம்தான்.

ஃப்ரெட்டுகளின் இடைவெளி போகப்போகக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, 19-க்கும் 20-க்கும் நடுவே 16 மி.மீ. மட்டுமே. ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதமுள்ள தந்தி நீளத்தை 1.0595 ஆல் வகுக்கிறது. பன்னிரண்டு தடவை வகுத்தால் நீளம் சரியாகப் பாதியாகி, சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் வாசிப்பவர். 1581-இல் வெளியான தன் இசை நூலில் அவர் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார்: மீதி நீளத்தில் 18-இல் ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட்டை வை. அந்தக் கணக்கில் நம் பேஸைச் செய்தால் 12-ஆம் ஃப்ரெட் நட்டுப் பக்கமாக 3 மி.மீ. விலகி, சுரம் சற்றுத் தாழ்ந்து விழும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும் அல்லவா? ஒரு பிழை இன்னொரு பிழையை ஓரளவு ஈடுகட்டியது. இந்த இழுபடுதலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவு பேஸின் பாதி நோய்க்கு அதுவே காரணம்.

வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும். சுருதி விலகினால் மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திவிடுவார். கிட்டார் ஃப்ரெட்டோ மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கப்பட்டது. தப்பாக விழுந்தால் விழுந்ததுதான். நல்லவேளையாக, இன்று சீனாவிலும் இந்தோனேசியாவின் சுரபாயாவிலும் உள்ள ஆலைகளில் அந்தப் பள்ளங்களைக் கணினி இயக்கும் எந்திரங்கள் அறுக்கின்றன. கணக்கு ஒன்றுதான், எந்திரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஃப்ரெட்டின் இடம் மலிவுக் கருவியிலும் பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுகிறது.

எந்திரத்தால் மலிவாகச் செய்ய முடியாதவை வேறு. ஃப்ரெட்டுகளின் தலைகளை ஒரே மட்டத்துக்கு இழைப்பது, அவற்றின் ஓரங்களைக் கையைக் கிழிக்காதபடி அரத்தால் மழிப்பது, நட்டின் பள்ளங்களைத் தந்திக்குத் தந்தி ஆழம் பார்த்து அறுப்பது, கடைசியில் தந்தி மாட்டி எல்லாவற்றையும் திருகிச் சமன்செய்வது. இதற்கெல்லாம் ஓர் ஆள் உட்கார வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும் ஆலை முதலில் மிச்சம் பிடிப்பது அந்த ஆளின் நேரத்தைத்தான்.

மூன்றில் ஒரு மில்லிமீட்டர்

சுருதி கூட்டிய நிலையில் நான்கு தந்திகளும் சேர்ந்து நெக்கை 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. ஒரு வளர்ந்த ஆள் அதில் தொங்குகிற அளவு. நெக் முன்பக்கம் வளையாமல் என்ன செய்யும்? அதைத் தடுக்க மரத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்று சொல்கிறோம். கிப்சன் நிறுவனத்தில் வேலைபார்த்த தாடியஸ் மெக்ஹியூவின் வடிவமைப்புக்கு 1923-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஆலன் கீயால் அதை இறுக்கினால் தந்திகளின் இழுப்புக்கு எதிராக நெக் பின்னால் வளையும்.

ஆலையில் ஒருமுறை திருகிவிட்டால் போதாது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். கன்டெய்னரில் கடல் தாண்டி, கடையின் ஏசியில் மாதக்கணக்கில் தொங்கி, சென்னையின் ஐப்பசி மழையில் வீட்டுக்கு வரும் மேப்பிள் நெக் ஆலையில் இருந்த வளைவிலேயே இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை அளப்பது எளிது. முதல் ஃப்ரெட்டில் ஒரு காப்போவை மாட்டுங்கள். தடித்த தந்தியை, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு முனையும் அழுந்திய தந்தி இப்போது ஒரு நேர்கோடு. 8-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பைக் மெக்கானிக் டேப்பட் கேப் பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 0.30 அல்லது 0.35 மி.மீ. தகடு தந்தியை அசைக்காமல் உள்ளே நுழைந்து லேசாக உரசினால் நெக் நலமாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தகடே ஆடிக்கொண்டு நுழைந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் மறுபடியும் அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் அசைந்து கொடுக்கும்.

நெக் ஏன் கம்பி போல நேராக இருக்கக் கூடாது என்று கேட்கலாம். அதிரும் தந்தி நடுவில்தான் அகலமாக வீசுகிறது, ஓரங்களில் குறைவாக. அந்த வீச்சுக்கு இடம் விடுவதற்காகவே இந்தச் சிறு பள்ளம். பள்ளம் இல்லாவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். கூடிவிட்டாலோ தந்தி உயர்ந்து, விரல் வலிக்கும், சுருதியும் கெடும்.

சுருதி கெடுவதற்குக் காரணம் நாம் மேலே பார்த்த இழுபடுதல். தந்தியின் விறைப்பு ஒரு சதவீதம் கூடினால் அதன் அதிர்வெண் அரைச் சதவீதம் கூடும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் எட்டரைப் பங்குக்கு மேல். தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அழுத்தும்போது அவ்வளவு இழுபடும். பேஸ் தந்தியின் உள்ளே இருப்பது எஃகு. சிறிது நீண்டாலும் விறைப்பு நன்றாகவே ஏறும். 17-ஆம் ஃப்ரெட்டின் மேல் தடித்த தந்தி 2.4 மி.மீ., மெல்லிய தந்தி 2 மி.மீ. உயரத்தில் இருக்கும்படி, பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில்களின் திருகுகளை வைப்பது ஃபெண்டர் வகைப் பேஸ்களுக்கு நல்ல தொடக்கம்.

மலிவு பேஸில் இதைவிட அதிகம் தொல்லை கொடுப்பது நட். பள்ளத்தை ஆழமாக அறுத்துவிட்டால் திறந்த தந்தி கரகரக்கும், வாங்கியவர் திருப்பிக்கொடுத்துவிடுவார். அதனால் ஆலை பள்ளத்தை மேலோட்டமாகவே விட்டுவிடுகிறது. விளைவு, முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுகளில் எல்லாச் சுரமும் சற்றே ஏறி ஒலிக்கும். தொடக்கநிலை வாசிப்பவர் பெரும்பாலும் உலவுவதும் அந்த இடத்தில்தான். சோதிக்க, தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி சரி. தீப்பெட்டி அட்டையே நுழைந்தால் பள்ளத்தைக் கீழே இறக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். ஒரு இழுப்பு கூடுதலாக இழைத்துவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

கடைசியாகச் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் சுண்டினால் வரும் மெல்லிய மேற்சுரமும், அதே ஃப்ரெட்டில் அழுத்திச் சுண்டும் சுரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் இழுங்கள். இறங்கியிருந்தால் முன்னால் தள்ளுங்கள். தடித்த தந்தியின் சேடில் மற்றவற்றைவிடப் பின்னால் போய் நிற்பதைப் பார்ப்பீர்கள். அது ஆலையின் கோளாறு அல்ல. தடித்த தந்தி எளிதில் வளைந்துகொடுக்காது, அதற்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது.

இவ்வளவையும் செய்து முடித்தபின் "என் பேஸ் மட்டமாக ஒலிக்கிறது" என்ற புகாரில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். ட்யூனிங் கீ நழுவுகிறது என்ற புகாரும் பல வேளை தந்தியைச் சுற்றியவிதத்தில்தான் முடிகிறது. தண்டில் இரண்டு மூன்று சுற்று அடுக்காக, கீழ்நோக்கிச் சுற்றினால் போதும்.

தந்தி

ஆலையிலிருந்து வரும்போதே மாட்டியிருக்கும் தந்திகள் எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தனவோ தெரியாது. எஃகு உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிச் செய்தது பேஸ் தந்தி. அந்தச் சுற்றுகளின் இடுக்குகளில் வியர்வையும் தோலின் துகளும் துருவும் சேர்கின்றன. சேர்ந்த அழுக்கு உயர்ந்த மேற்சுரங்களை விழுங்கிவிடும். சீராகப் படியாவிட்டால் தந்தியின் எடை இடத்துக்கு இடம் மாறி, 12-ஆம் ஃப்ரெட் கணக்கே ஒத்துவராது. பழைய தந்தியை வைத்துக்கொண்டு சேடிலைத் திருகுவது வீண்வேலை. காசு இல்லாத பேஸ் கலைஞர்கள் தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டுவதுண்டு. பளிச்சென்ற ஒலி திரும்பும், ஆனால் நெடுநாள் நிற்காது.

புதுத் தந்திதான் எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்காக 1960-களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் வரிகள் உலகம் முழுவதும் பாடமாகப் படிக்கப்படுகின்றன. 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ், அதில் தட்டையாகச் சுற்றிய தடித்த தந்திகள், வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும். தந்தி அறுந்தால் ஒழிய அவர் மாற்ற மாட்டார் என்று கூட வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த மங்கிய, உருண்ட ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது. எந்த ஒலி உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்தபிறகு தந்தி வாங்குங்கள். தட்டைச் சுற்றா, உருண்டைச் சுற்றா என்ற ஒரு தேர்வு, எந்தப் பிக்கப் மாற்றமும் தராத அளவு வேறுபாட்டைத் தரும்.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பது

பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். மலிவு பேஸில் ஃபெரைட் காந்தம் இருக்கலாம், விலையுயர்ந்ததில் அல்னிகோ இருக்கலாம். சுற்றுகளின் எண்ணிக்கை மாறினால் உயர்ந்த சுரங்களின் பளபளப்பு மாறும். இந்த வித்தியாசங்கள் உண்மை, காது கேட்கும்.

ஆனால் அவற்றைவிடப் பெரிய ஒன்று பிக்கப்பின் இடம். பிக்கப் தனக்கு நேர்மேலே தந்தி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே அறியும். பிரிசிஷன் வகைப் பேஸில் அது சேடிலிலிருந்து தந்தி நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தொலைவில் உட்கார்ந்திருக்கிறது. திறந்த தந்தியின் ஆறாவது மேற்சுரம் அந்த இடத்தில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஆகவே பிக்கப்புக்கு அது இல்லாத ஒன்று. இரண்டாவது, மூன்றாவது மேற்சுரங்கள் அங்கே நன்றாக வீசுகின்றன. அந்தப் பேஸின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த இடத்துக் கணக்கு. புதுப் பிக்கப் வாங்கினாலும் அதே குழியில்தான் பொருத்தப்போகிறீர்கள். இடம் மாறவில்லை, குணத்தின் அடித்தளமும் மாறவில்லை.

அதே இயற்பியல் சுண்டும் விரலுக்கும் பொருந்தும். நெக்கின் முடிவில் சுண்டுங்கள், பிறகு பிரிட்ஜின் ஓரத்தில் சுண்டுங்கள். ஒரே பேஸில் இரண்டு கருவிகள் கேட்கும். பிக்கப்பின் உயரத்தையும் ஸ்க்ரூடிரைவரால் மாற்றிப் பாருங்கள். தந்திக்கு நெருங்க நெருங்க ஒலி வலுக்கும். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கலங்கடிக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த இரண்டு சோதனைகளையும் செய்யாமல் பிக்கப் வாங்குபவர் அவசரப்படுகிறார் என்பேன்.

பிரிட்ஜைப் பற்றி இரண்டு வரி போதும். கனமான பிரிட்ஜ் மாற்றிப் பெறும் ஒலி மாற்றம் சிறிது. சேடில் ஆடினாலோ திருகு அரிபட்டாலோ மட்டும் மாற்றலாம். மரம் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறுவேறு மரத்தில் செய்த ஆறு அகூஸ்டிக் கிட்டார்களை 52 கலைஞர்களிடம் கண்மறைத்துக் கொடுத்தார்கள். அரிய பிரேசில் ரோஸ்வுட், நம் ஊரில் ஈட்டி எனப்படும் இந்திய ரோஸ்வுட், மலிவான சப்பேலே எல்லாம் அதில் உண்டு. ஒலிக்குக் கிடைத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை. உள்ளீடற்ற மரப்பெட்டியே ஒலி எழுப்பும் கருவியில் இதுதான் நிலை என்றால், காந்தம் கேட்டுச் சொல்லும் கெட்டிப்பலகைப் பேஸில் மரத்துக்காகக் காசு கொடுக்கத் தயங்குவது நியாயம்.

விலை நம் காதை எப்படி வளைக்கும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று 2010-இல் இண்டியானாபோலிஸில் கிடைத்தது. கிளாடியா ஃபிரிட்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 21 வயலின் கலைஞர்களை ஒரு விடுதி அறைக்கு அழைத்தார்கள். வெல்டிங் கண்ணாடி போன்ற கறுப்புக் கண்ணாடி அணிவித்தார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காதிருக்க முகவாய்க்கட்டையில் வாசனைத் திரவியம் தடவினார்கள். மூன்று புது வயலின்கள், மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ். மிகுதியாகப் பிடித்தது ஒரு புது வயலின்; மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். தமக்குப் பிடித்தது புதிதா பழையதா என்றுகூடப் பெரும்பாலானவர்களால் சொல்ல முடியவில்லை. நீங்கள் இரண்டு பேஸ்களை ஒப்பிடும்போது வாசிப்பதை நண்பரிடம் விட்டுவிட்டு, திரும்பி நின்று கேளுங்கள்.

41 ஹெர்ட்ஸைக் கேட்பது

மனிதக் காது அடிச்சுரத்தில் மந்தமானது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் இதை வரைபடமாக்கினார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கும் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 300 மடங்கு அழுத்தம் இருந்தால்தான் 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கவே தொடங்கும். ஸ்பீக்கருக்கு இன்னொரு சுமை. ஒரே அழுத்தத்தைத் தர, அதிர்வெண் பாதியானால் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த பயிற்சி ஆம்ப் அதற்கு எங்கே போகும்?

அப்படியானால் கைப்பேசியில் இளையராஜா பாடலைக் கேட்கும்போது, பல்லவிக்கு எதிராகத் தனி மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும் பேஸ் நமக்கு எப்படிக் கேட்கிறது? அந்தச் சிறு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தொடவே முடியாது. ஆனால் அதே சுரத்தின் மேற்சுரங்களான 247, 288, 330 வெளியே வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் ஒவ்வொன்றிலும் 41. மூளை அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடிச்சுரத்தின் சுருதியைத் தானே கட்டிக்கொள்கிறது. சுருதி கிடைத்துவிடும், நெஞ்சில் இறங்கும் கனம் கிடைக்காது. அந்தக் கனம் வேண்டுமென்றால் காற்றை அசைத்தாக வேண்டும், அதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும்.

ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் பேஸைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்குள்ள பெரிய ஆம்பில் உங்கள் பேஸை வாசியுங்கள். பிறகு கடையின் விலையுயர்ந்த பேஸை, உங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற சிறிய ஆம்பில் வாசியுங்கள். முதல் ஜோடி நன்றாகக் கேட்டால், பெரும்பாலும் அப்படித்தான் கேட்கும், உங்கள் அடுத்த செலவு ஆம்ப். ஆம்ப் வைத்து வாசிக்க முடியாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல ஹெட்ஃபோன் ஒன்று அதே வேலையைக் குறைந்த காசில் செய்யும்.

இரைச்சல் என்றால் அது வேறு நோய். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் சுரம் 49 ஹெர்ட்ஸ். அதனால் இங்கே ஹம் நேராகப் பேஸின் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தந்தியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் உள்ளே மின்மறைப்பு போதவில்லை. பிக்கப் குழியில் செம்புத் தகட்டை ஒட்டினால் பெருமளவு அடங்கும். தொட்டதும் கூடினால் எர்த் வயர் விட்டிருக்கிறது. தந்தியைத் தொடும்போது சுரீர் என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். பேஸின் தந்திகள் ஆம்ப் வழியாக வீட்டு எர்த்தோடு இணைந்தவை. மூன்று முள் பிளக்கில் எர்த் இல்லாத அறையில் வாசிப்பது உயிரோடு விளையாடுவது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் அன்றைய முதல் செலவு. வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்கு ஒரு துளி கான்டாக்ட் கிளீனர் போதும்.

சீக்கிரம் சாகும் சுரம்

ஒரு குறை மட்டும் எந்தத் திருகுக்கும் வசப்படாது. மெல்லிய தந்தியில் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட் வரை ஏதாவது ஒரு சுரம் மற்றவற்றைப் போல நீளாமல் பொசுக்கென்று அணையும். நெக்குக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. சுரத்தின் அதிர்வெண் அதோடு ஒத்துப்போனால் தந்தியின் ஆற்றல் நெக்குக்குள் வடிந்துவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃபிளைஷர் மின்கிட்டார்களிலும் பேஸ்களிலும் இதை அளந்து விளக்கியிருக்கிறார். தலைப்பகுதியில் ஒரு சிறு இரும்புக் கிளாம்பை மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் நெக்கின் அதிர்வெண் இறங்கி, அணையும் இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும். இது விலையுயர்ந்த பேஸ்களிலும் இருக்கிறது. இதற்காகப் பிக்கப் மாற்றினால் பணம்தான் போகும், சுரம் நீளாது.

எப்போது கைவிடலாம்

நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் கைவிடுங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளத்தைப் பாருங்கள்; முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியாவிட்டால் அது முறுக்கு. ட்ரஸ் ராட் முழுவதும் இறுகியும் வளைவு போகாவிட்டாலும், சேடில் கடைசிவரை நகர்ந்தும் 12-ஆம் ஃப்ரெட் ஒத்துவராவிட்டாலும் அதே தீர்ப்பு. அந்தப் பேஸில் ஒரு செட் தந்திகூட வாங்கிப் போடாதீர்கள்.

நலமான பேஸைக் கைமாற்றவும் நல்ல காரணம் உண்டு: உங்களுக்கு வேண்டியது அதனால் ஆக முடியாத ஒன்றாக இருந்தால். ஐந்து தந்தி வேண்டும், அல்லது 34 அங்குலம் கைக்கு எட்டவில்லை, 30 அங்குல நெக் வேண்டும் என்றால் எந்த மேம்பாடும் உதவாது. 1961-இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர் அப்படிப்பட்ட சிறிய நெக் கொண்டது. ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லாமல் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பீட்டில்ஸின் தொடக்கப் பதிவுகளில் கேட்பது அந்த மலிவு பேஸ்தான்.

மற்றபடி, அளவுகள் எல்லாம் சரியாகி, தந்தி புதிதாகி, நல்ல ஆம்பில் வாசித்தபிறகும் ஒலியில் ஒரு குறை தெரிந்து, அந்தக் குறையை உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், பிக்கப் மாற்றுங்கள். விற்கும்போது அந்தக் காசு திரும்பாது என்பதால் வழக்கமான அளவுள்ள பிக்கப்பாக வாங்குங்கள். அடுத்த பேஸுக்கு அதைக் கழற்றிக்கொண்டு போகலாம். கழற்றிய பழைய பிக்கப்பையும் திருகுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், பேஸை விற்கும் நாளில் திரும்ப மாட்டிக் கொடுப்பதற்கு.